ஹெட் போனால் என்ன செய்வது? மலையேறும் பழைய இன்ஜின்களும் தீராத ஒரு விவாதமும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலை, முந்தலைத் தாண்டியதும் மலையைப் பிடித்து ஏறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில். மெட்டு அதற்கு 1,000 மீட்டர் மேலே. கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் இந்த நெடுஞ்சாலை வழியாகத்தான் மாநில எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்கள் ஜீப்பில் போய்வருகிறார்கள். காய் எடுக்கும் பெண்களே அவர்களில் அதிகம். அவர்கள் ஏறும் வண்டிகளில் பல, ஒரு தலைமுறையைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பவை.

இப்படி ஓடும் பழைய இன்ஜினில் மலை முதலில் சோதித்துப் பார்க்கும் பாகங்களில் ஒன்று சிலிண்டர் ஹெட். அது வளைந்தாலோ, விரிசல் விட்டாலோ, கேஸ்கட் பிடி விட்டாலோ வண்டி வளைவில் ஆவி கக்கி நிற்கும். பிறகு எழும் கேள்வி பழையது: ஹெட்டைச் சரிசெய்து போடுவதா, புது ஹெட் வாங்குவதா, இன்ஜினையே மாற்றுவதா, வண்டியைக் கழித்துவிடுவதா? ஜீப் இந்திய மலைகளில் ஏறத் தொடங்கிய காலம் முதல் பட்டறைகளும் தயாரிப்பாளர்களும் சட்டமும் இதற்கு வெவ்வேறு பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். எல்லாப் பதிலிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. எந்தப் பதிலும் முழுதாகப் போதவில்லை.

ஏற்றம் இன்ஜினை என்ன செய்கிறது

ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள ஜீப் 1,000 மீட்டர் ஏற, ஏறக்குறைய 20 மெகாஜூல் வேலை தேவை. இன்ஜின் சக்கரத்துக்குக் கொடுக்கும் சக்திக்குக் கிட்டத்தட்ட இணையான அளவு வெப்பம் ரேடியேட்டர் தண்ணீருக்குப் போகிறது என்பது பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. 20 மெகாஜூல் என்பது 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அவ்வளவு வெப்பத்தையும் சில லிட்டர் தண்ணீர் பிடிக்கும் ஒரு ரேடியேட்டர் தொடர்ந்து வெளியே தள்ள வேண்டும். அதுவும் வண்டி இரண்டாம் கியரில் ஊர்ந்து, முன்னால் காற்றோட்டம் குறைந்திருக்கும் நேரத்தில்.

உயரமும் எதிராக நிற்கிறது. மெட்டின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங்கும் ரப்பரும் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், 0.9 பார் மூடி அந்தக் கொதிநிலையை 115 டிகிரிக்குக் கொண்டுபோகும். ரப்பர் காய்ந்து இறுகிப்போன மூடி இந்த 20 டிகிரிப் பாதுகாப்பை ஓசையில்லாமல் பறித்துக்கொள்கிறது.

உலோகத்தின் கணக்கு இன்னொன்று. அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு ஹெட் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.44 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினிய ஹெட் அதைப்போல் இரு மடங்கு நீளும். கீழே இருக்கும் பிளாக் இரும்பு என்றால், அலுமினிய ஹெட் ஒவ்வொரு பயணத்திலும் அதன்மேல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நகர முயல்கிறது. போல்ட்டுகள் விடுவதில்லை. சாதாரண வெப்பத்தில் கேஸ்கட் இந்த இழுபறியைத் தாங்கும். ஓரிடத்தில் மட்டும் சூடு எல்லை மீறினால் ஹெட் நடுவில் வில்லாக வளையும். இரும்பு அவ்வளவு எளிதில் வளையாது. ஆனால் கொதிக்கும் ஹெட்டில் மலையோர ஊற்றின் சில்லென்ற தண்ணீரை ஊற்றினால், இரு வால்வுகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய பாலத்தில் விரிசல் ஓடும்.

பட்டறையின் பதில்: இருப்பதைக் காப்பாற்று

மஹிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கியது. அடுத்த பல பத்தாண்டுகளும் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காலம். சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலும், பின்னாளில் ரானே பெயரைப் பெற்ற என்ஜின் வால்வ்ஸ் 1959இலும் தொடங்கப்பட்டதால் பிஸ்டனும் வால்வும் உள்நாட்டிலேயே கிடைக்க வழி பிறந்தது. அவை தேயும் பொருட்கள்; அடிக்கடி விற்பவை. ஹெட் அப்படியல்ல. தண்ணீர் ஓடும் குடைவுகளோடு வார்க்க வேண்டிய பெரிய பாகம். எனவே அதைக் கழித்துப் போடும் எண்ணமே பட்டறைகளுக்கு வரவில்லை. லேத்தில் முகத்தைச் சீவிப் பேஸ் அடிப்பது, சீட் வெட்டுவது, கைடு மாற்றுவது, பேஸ்ட் தடவி வால்வை உட்கார வைப்பது, விரிசலை நிக்கல் ராடு வைத்து ஒட்டுவது என்று ஒரு முழுக் கைத்தொழில் இந்தத் தட்டுப்பாட்டிலிருந்து வளர்ந்தது.

இந்தக் கைத்தொழிலை மதிப்போடு பார்க்க வேண்டும். விரிசலைக் கண்டுபிடிக்க அது வைத்திருக்கும் வழியே ஒரு சான்று. சுத்தம் செய்த ஹெட்டின் மேல் மண்ணெண்ணெய் தடவுவார்கள். சற்று நேரம் கழித்துத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுவார்கள். விரிசலுக்குள் இறங்கியிருக்கும் எண்ணெய் மெல்ல ஊறி வெளியே வரும்போது வெள்ளைப் பொடியில் ஒரு கறுத்த கோடு தெரியும். பெரிய தொழிற்சாலைகள் சாய ஊடுருவல் முறை என்று செய்வதும் இதே தத்துவம்தான்.

பலவீனம் ஒட்டும் இடத்தில் இருக்கிறது. வார்ப்பிரும்பில் கரி 2 சதவீதத்துக்கு மேல். வெல்டிங் சூட்டில் உருகி வேகமாக ஆறினால், ஒட்டின் ஓரம் கண்ணாடிபோல் கடினமாகி அடுத்த சூட்டில் அதன் பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும். முழு ஹெட்டையும் முன்கூட்டியே நன்றாகச் சூடேற்றி, ஒட்டியபின் சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து ஒரு நாள் முழுக்க மெதுவாக ஆறவிட வேண்டும். காலையில் டிரிப் இருக்கிறது என்று வண்டிக்காரர் காத்திருக்கும்போது இந்தப் பொறுமைக்கு இடம் குறைவு. 1930களில் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில், தீப்பொறி கூடாது என்பதற்காக, சூடில்லாமல் உலோகச் சாவிகளை அடித்து விரிசலைத் தைக்கும் முறை உருவானது. வெப்பத்தால் வரும் சிக்கல் அதில் இல்லை. ஆனால் வால்வுகளுக்கு இடையிலுள்ள குறுகிய இடத்தில் அதைச் செய்யத் தனிக் கைத்திறன் வேண்டும்.

பேஸ் அடிப்பதிலும் ஒரு பொதுவான குழப்பம் உண்டு. ஹெட்டைச் சீவினால் கம்ப்ரெஷன் கூடிவிடும் என்பார்கள். எரியறை ஹெட்டுக்குள்ளேயே குடையப்பட்டிருக்கும் பெட்ரோல் இன்ஜினுக்கு, உதாரணமாக அம்பாஸடரின் 1,489 சிசி இன்ஜினுக்கு, அது சரி. எரியறைக் குழி பிஸ்டனில் இருக்கும் நேரடி டீசல் இன்ஜினில் ஹெட்டின் முகம் தட்டையானது. அங்கே கம்ப்ரெஷன் பெரிதாக மாறாது. மாறுவது வேறு: வால்வு பிஸ்டனுக்கு நெருங்கி வரும், இன்ஜெக்டர் மூக்கு கூடுதலாக நீட்டிக்கொண்டு நிற்கும். வால்வு சீட்டை அதற்கேற்ப இறக்கி வெட்டாமல், இன்ஜெக்டருக்குக் கீழே சரியான கனமுள்ள செம்பு வாஷர் போடாமல் ஹெட்டை ஏற்றினால், சீவிய வேலை சரியாக இருந்தும் இன்ஜின் புகை கக்கும். 1979இல் மஹிந்திரா உரிமம் பெற்ற பெஜோ டீசல் போல, ஹெட்டுக்குள் சுழல் அறை உள்ள இன்ஜின்களில் அந்த அறையின் செருகு வளையங்களையும் கவனிக்க வேண்டும். ஒரே லேத், ஒரே கை. இன்ஜினுக்கு இன்ஜின் விளைவு வேறு.

புது ஹெட் என்பவர்களின் வாதம்

தயாரிப்பாளர்களின் கையேடு பொதுவாகக் கண்டிப்பானது. முகத்தின் வளைவு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே சீவக்கூடாது. விரிசல் கண்ட ஹெட்டைப் போடக்கூடாது. அலுமினிய ஹெட்டுகள் வந்தபின் இந்த வாதம் வலுத்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 தான் நம் சிறுநகரப் பட்டறைகளுக்கு அலுமினிய ஹெட்டைப் பரவலாக அறிமுகப்படுத்தியது எனலாம். இரும்பு ஹெட்டுக்குப் பழகிய கைகள், மிகைச் சூட்டில் அலுமினியம் தன் கடினத்தையே இழந்துவிடும் என்பதை அனுபவித்துத்தான் கற்றன. அப்படி மென்மையாகிப்போன ஹெட்டை எவ்வளவு நேராகச் சீவினாலும், போல்ட்டின் அழுத்தத்தில் அது மறுபடி பதிந்து கேஸ்கட்டை விட்டுவிடும்.

இருந்தாலும் ‘விரிசல் என்றால் வீசு’ என்ற விதியை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏற்கவில்லை. ஃபோக்ஸ்வாகன் தன் பழைய டீசல் கார்களின் பழுதுபார்க்கும் கையேட்டில், வால்வு சீட்டுகளுக்கு இடையே 0.5 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்கும் விரிசலோடு ஹெட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. தண்ணீர்ப் பாதையைத் தொடாத மேலோட்டமான விரிசல் அது. ஆக, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அது எங்கே இருக்கிறது, எதுவரை போகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

புது ஹெட் வாதத்தின் பெரிய ஓட்டை வேறிடத்தில். உற்பத்தி நின்ற இன்ஜினுக்கு நிறுவனத்தின் ஹெட் கிடைப்பது அரிது. சந்தையில் கிடைக்கும் மாற்று ஹெட்டின் வார்ப்புத் தரத்தைக் கண்ணால் அளக்க முடியாது. வார்ப்பில் நுண்துளை இருக்கலாம். சீட்டின் கடினம் குறைந்திருக்கலாம். தண்ணீர்ப் பாதையில் வார்ப்பு மணல் தங்கியிருக்கலாம். பெட்டியில் வந்த புதுப் பொருள் என்பதாலேயே யாரும் அதை அழுத்தச் சோதனைக்கு அனுப்புவதில்லை. நன்றாகச் சோதித்துச் சரிசெய்த பழைய இரும்பு ஹெட்டைவிடச் சோதிக்காத புது ஹெட் மேலானது என்று நம்புவதற்குத் தொழில்நுட்ப ஆதாரம் போதாது.

பழைய ஜீப்புகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வில்லிஸ் ஹரிகேன் இன்ஜினில் இன்லெட் வால்வு ஹெட்டில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இருக்கிறது. அதிகம் வேகும் வால்வு எக்ஸாஸ்ட்தான். ஹெட்டை மட்டும் மாற்றினால் அந்த இன்ஜினில் பாதி வேலை அப்படியே கிடக்கும்.

ஈயம் போனபின் எழுந்த கேள்வி

பெட்ரோலில் ஈயம் கலப்பது 1921இல் தாமஸ் மிட்ஜ்லி ஜெனரல் மோட்டார்ஸில் கண்ட வழி. இன்ஜின் ‘நாக்’ அடிப்பதைத் தடுக்கக் கலந்த அந்த ஈயம், எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகவும் படிந்து இரும்பு சீட்டைக் காத்தது. இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995இல் பெருநகரங்களில் அறிமுகமாகி, 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க வந்தது. மக்களின் உடல்நலத்துக்கு அது பெரிய நன்மை; அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. பழைய பெட்ரோல் ஜீப், அம்பாஸடர் வைத்திருந்தவர்களுக்குத்தான் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கிவிடுமோ என்ற பயம் வந்தது.

கடின சீட் வளையம் பொருத்தச் சொன்னவர்களும், எதுவும் வேண்டாம் என்றவர்களும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இருவரும் வெவ்வேறு வண்டிகளைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. தேய்மானம் முதன்மையாகச் சுமையையும் தொடர் வேகத்தையும் சார்ந்தது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் சமவெளிக் கார் பல வருடம் தாங்கும். பாரத்தோடு அன்றாடம் மலையேறும் வண்டிக்கு வளையம் பொருத்துவது நியாயமான செலவு. வளையத்துக்காகக் குடையும்போது தண்ணீர்ப் பாதை வரை போய்விட்டால் நல்ல ஹெட்டும் வீணாகும் என்பதே அதிலுள்ள ஆபத்து.

இன்ஜினையே மாற்றுவது

பெட்ரோல் விலையேற்றத்துக்குப் பின் ஏராளமான ஜீப்புகள் டீசலுக்கு மாறின. ஹெட் போன பழைய பெட்ரோல் இன்ஜினுக்குச் செலவழிப்பதைவிட ஒரு டீசல் இன்ஜினை இறக்கி வைப்பது லாபம் என்ற கணக்கு அப்போது சரியாகவே இருந்தது. எடை கூடிய இன்ஜினுக்கு முன் ஸ்பிரிங், ரேடியேட்டர், கியர் விகிதம் எல்லாம் ஒத்துவருகிறதா என்று பார்த்து மாற்றியவர்கள் பல காலம் ஓட்டினார்கள். பழைய ரேடியேட்டரையே வைத்துக்கொண்டவர்கள், கொதிக்கும் பிரச்சினையை ஓர் இன்ஜினிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனார்கள்.

இன்று இந்த வழியின் முன்னால் சட்டம் நிற்கிறது. இன்ஜின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டு ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. ஹெட்டை மாற்றினால் அந்த எண்ணுக்கு ஒன்றும் ஆகாது. இன்ஜினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதி வேண்டும். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் கண்டிப்பாக விளக்கியது: தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறான மாற்றங்களுக்கு இடமில்லை. மாநில எல்லையை நாள்தோறும் கடக்கும் வண்டிக்கு, பதிவுக்கு ஒவ்வாத இன்ஜின் எந்தச் சோதனைச் சாவடியிலும் சிக்கல்தான். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையில் அது இன்னும் பெரிய சிக்கலாகலாம்.

காரணத்தைத் தேடுகிறவர்கள்

மேலே சொன்ன மூன்று தரப்புக்கும் பொதுவான குறை ஒன்று. போன ஹெட்டை என்ன செய்வது என்று விவாதிக்கிறார்கள். அது ஏன் போனது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. கவனமான மெக்கானிக்குகளிடம் எப்போதும் இருந்துவந்த நான்காவது நிலைப்பாடு இதிலிருந்து தொடங்குகிறது. மலைப்பாதை வண்டிகளைப் பொறுத்தவரை இதுவே வலுவான நிலைப்பாடு.

முதல் சந்தேகம் தண்ணீர் மேல் வர வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய இன்ஜினின் தண்ணீர்ப் பாதையில் சுண்ணாம்புப் படிவு ஏறும். அந்தப் படிவு இரும்பைவிடப் பல மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்தே இருக்கும், மீட்டர் முள்ளும் மிரட்டாது. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய இரும்பு உள்ளே வெந்துகொண்டிருக்கும். நம் ஊரில் தண்ணீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்ற பழைய வழக்கம் இதை வளர்த்தது. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். துருவையும் படிவையும் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் சமவெளியிலும் தேவை, மலையில் இன்னும் தேவை.

அடுத்தது தெர்மோஸ்டாட். இன்ஜின் கொதித்தால் அதைக் கழற்றி எறிவது பரவலான வழக்கம். அடைத்துக்கொண்ட தெர்மோஸ்டாட் உண்மையான குற்றவாளியாக இருந்தால் அந்த நேரத்துக்கு அது உதவும். ஆனால் சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியை மூடும்படி அமைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குள் சுற்றிவரும். சமவெளியில் இது தெரியாது. முந்தலுக்கு மேலே தெரியும்.

பிறகு போல்ட். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, சொன்ன வரிசையில், படிப்படியாக டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும் என்பது எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. பிளாக்கின் போல்ட் துளையில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கிவிட்டதாக ரென்ச் பொய் சொல்லும். ஹெட்டின் மேல் விழ வேண்டிய அழுத்தம் விழுந்திருக்காது. பழைய இன்ஜின்கள் பலவற்றில் முதல் ஓட்டத்துக்குப் பின் மறுபடி முறுக்கவும் சொல்லியிருப்பார்கள். வண்டி கைவிட்டுப் போனபின் அதற்காகத் திரும்பி வருபவர் குறைவு. கேஸ்கட் மேல் பழி விழும் பல தோல்விகளுக்கு வேர் இங்கே இருக்கக்கூடும்.

இந்த நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்தபின்னும், ஏற்கெனவே வெந்து வளைந்த ஹெட்டை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும். தண்ணீர்ப் பாதையை அடைத்து, காற்றை ஏற்றி, வெந்நீரில் மூழ்கடித்துக் குமிழி பார்க்கும் சோதனைக்கு வசதி எல்லாச் சிறுநகரப் பட்டறையிலும் இருக்காது. மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பினால் வண்டி நாட்கணக்கில் நிற்கும். தினக்கூலிக் கணக்கில் ஓடும் தொழிலில் அந்த நாட்களின் இழப்பு, சோதனைக் கட்டணத்தைவிடப் பெரிது.

கழித்துவிடு என்ற பதில்

2021இல் மத்திய அரசு அறிவித்த வாகனக் கழிப்புக் கொள்கை, தகுதிச் சோதனையில் தேறாத பழைய வண்டிகளை விலக்கச் சொல்கிறது. புகையையும் பாதுகாப்பையும் பார்த்தால் இந்தப் பதிலை ஒதுக்க முடியாது. மலைப்பாதையில் இன்ஜின் திடீரென நிற்பது வெறும் தாமதத்தோடு முடிவதல்ல. இன்ஜின் சுழற்சியில் இயங்கும் வாக்குவம் பம்பால் பிரேக்குக்கு உதவி பெறும் டீசல் வண்டிகளில், இன்ஜின் நின்றதும் அந்த உதவி ஓரிரு மிதிகளில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்து ஏறியவர்கள் அல்ல. கங்காணியோ தோட்டமோ அனுப்பிய ஜீப்பில் ஏறியவர்கள்.

மாற்று வண்டி இல்லாமல் பழையதை மட்டும் விலக்கினால், மிஞ்சிய வண்டிகளில் நெரிசல் கூடும். கூடிய பாரம் கூடிய வெப்பமாகி இன்னும் பல ஹெட்டுகளை வாங்கும். இந்தச் சுழலுக்குக் கொள்கை இன்னும் விடை சொல்லவில்லை.

முடிவாகாதவை

இவ்வளவு வாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். முகம் வளைந்த இரும்பு ஹெட், கையேட்டு அளவுக்குள் சீவக் கூடியதாக இருந்தால், சரிசெய்து போடுவது தரமான வழிதான். மிகைச் சூட்டில் கடினம் இழந்த அலுமினிய ஹெட்டைக் காப்பாற்றும் முயற்சி பெரும்பாலும் வீண். தண்ணீர்ப் பாதை வரை போன விரிசலை ஒட்டி, ஆட்கள் ஏற்றி மலையேறும் வண்டியில் போடுவதை ஆதரிக்க முடியாது. அதே ஹெட்டைச் சமவெளியில் தனியாள் ஓட்டும் வண்டியில் போடுவது வேறு கணக்கு. எந்த வழியானாலும், ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், தண்ணீர் நான்கையும் சரிபார்க்காமல் ஏற்றிய ஹெட் பழைய கதியையே அடைய வாய்ப்பு அதிகம்.

மேலோட்டமான விரிசலை மலை ஓட்டத்தில் எதுவரை பொறுக்கலாம் என்பது இன்னும் விவாதத்துக்குரியது. ஃபோக்ஸ்வாகன் சொன்ன 0.5 மில்லிமீட்டர் ஒரு குறிப்பிட்ட காருக்கான அளவு. பாரம் ஏற்றி அன்றாடம் 1,000 மீட்டர் ஏறும் ஜீப்புக்கு அதை அப்படியே கடன் வாங்க முடியாது. மாற்று ஹெட்டுகளின் வார்ப்புத் தரத்தை வாங்குபவர் அறிய என்ன வழி என்பதும் தீரவில்லை.

இவற்றைவிட அவசரமான கேள்வி தகுதிச் சோதனை பற்றியது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 62ஆம் விதியில் உள்ள பட்டியல் பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, ஹாரன், வைப்பர், புகை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. குளிர்விப்பு அமைப்பின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சில நிமிடமே ஆகும். போடிமெட்டு, கம்பம்மெட்டுப் பாதைகளில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்காவது இதைக் கட்டாயமாக்கலாமா, அதன் செலவை வண்டிக்காரர் மட்டும் சுமப்பதா, வேலைக்கு ஆள் எடுக்கும் தோட்டங்களும் பகிர்வதா என்பதை இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.